பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் கிளீனரும் என்ஜின் ஃப்ளஷும்: அறிகுறி பார்த்துப் பயன்படுத்தும் முறை

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர், என்ஜின் ஆயிலுடன் சேர்க்கும் ஃப்ளஷ் ஆகிய இரண்டும் உதிரிபாகக் கடைகளில் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தாலும், பழைய வண்டியில் அவை தரும் பயனும் ஆபத்தும் ஒன்றல்ல. முதலாவதைச் சரியான அளவில் ஊற்றினால் பெரும்பாலும் தீங்கு நேராது. பலன் கிடைத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் போத்தலின் விலை போகும். இரண்டாவதை யோசிக்காமல் ஊற்றினால் என்ஜினையே பிரிக்க வேண்டிய நிலை வரலாம். இந்த வழிமுறை கார்பரேட்டர் உள்ள 100 முதல் 150 சிசி வரையிலான இந்திய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்காக, அதாவது 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை வெளியேற்ற விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன் வந்தவற்றுக்காக எழுதப்பட்டது. எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், எல்லா ஊர்களிலும் ஓடுகிற பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரைக் கொள்கிறேன்.

எந்தக் கிளீனரும் கரைப்பது படிந்த அழுக்கை மட்டுமே. பெட்ரோல் நாள்பட்டு ஆவியாகி கார்பரேட்டரின் ஜெட்டுகளில் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகுகளில்) விட்டுச்செல்லும் பிசின், வால்வின் பின்புறத்திலும் பிஸ்டன் தலையிலும் ஏறும் கார்பன், ஆயில் கெட்டுப்போய் உருவாகும் சேறு ஆகியவை அந்த வகையில் சேரும். துரு, தண்ணீர், தேய்மானம், வெடித்த ரப்பர், தவறான அட்ஜஸ்ட்மென்ட் ஆகிய எவற்றையும் எந்தப் போத்தலும் சரிசெய்யாது. ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கேட்க வேண்டியது, இது அழுக்கினால் வந்ததா, வேறொன்றினால் வந்ததா என்பதுதான்.

ஊற்றுவதற்கு முன் அளவும் வரிசையும்

கடையில் கிடைக்கும் போத்தல்களில் பல, கார் டேங்கைக் கணக்கில் வைத்து நிரப்பப்பட்டவை. 60 லிட்டர் பெட்ரோலுக்கு 300 மில்லி என்று போத்தலில் அச்சிடப்பட்டிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி என்று பொருள். டேங்கில் 8 லிட்டர் இருந்தால் 40 மில்லி போதும். மருந்துக்கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து விட்டால் கண் அளவில் தவறு வராது. முதலில் கிளீனரை விட்டு, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினால் நன்றாகக் கலந்துவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். சில வகைகள் டேங்க் ஸ்டிக்கரின் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். எரியும் அறையின் வெப்பத்தைத் தாங்கி அங்குள்ள கார்பனைக் கரைப்பதில் பாலிஈதர்அமைன் என்ற வேதிப்பொருள் நம்பகமானது. பாலிஐசோபியூட்டிலின் அமைன் உள்ளவை கார்பரேட்டரிலும் வால்வின் பின்புறத்திலும் நன்றாக வேலை செய்தாலும், எரியும் அறையில் அவ்வளவு பலன் தருவதில்லை. போத்தலில் எழுதப்படாவிட்டால் நிறுவனம் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளில் தேடிப் பார்க்கலாம். அதிலும் பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகை என்று மட்டும் இருந்தால், அந்த விலைக்கு வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

வரிசையைப் பலரும் கவனிப்பதில்லை. எரியாமல் மிஞ்சும் கிளீனரில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். தேய்ந்த என்ஜினில் இது இன்னும் அதிகம். ஆகையால் ஆயில் மாற்ற வேண்டிய காலத்திற்குச் சற்று முன்பு பெட்ரோல் கிளீனரைப் பயன்படுத்தி, அந்த டேங்க் தீர்ந்ததும் ஆயிலை மாற்றிவிடுவதே முறை. புது ஆயில் ஊற்றிய மறுநாள் கிளீனர் ஊற்றினால் அந்தப் புது ஆயில்தான் கெடும்.

அறிகுறி: காலையில் சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது

கிளீனர் உண்மையிலேயே பயன்படும் அறிகுறிகளில் இதுவே முதன்மையானது. ஐடிலிங்கில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதன் சுவரில் மெல்லிய பிசின் படிந்தாலே பெட்ரோல் குறைந்து, சோக் மூலம் கூடுதலாகப் பெட்ரோல் கிடைக்கும்வரை மட்டும் என்ஜின் ஓடும்.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டரின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே, அருகில் நெருப்பில்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும். டம்ளரின் அடியில் தனியாக உருளும் குமிழ்கள் தெரிந்தால் அது தண்ணீர். செம்பழுப்புத் தூள் இருந்தால் டேங்க் துரு. இந்த இரண்டில் எதைக் கண்டாலும் கிளீனரை ஒதுக்கி வைத்துவிட்டு டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போக வேண்டும். தேநீர் நிறமாகவும், வார்னிஷ் அடித்த புது மேசையின் வாசனையோடும் இருந்தால் அது பிசின். கிளீனர் முயன்று பார்க்கத் தகுந்தது.

டேங்கில் பாதிக்கு மேல் புதுப் பெட்ரோல் ஊற்றி, அளந்த கிளீனரைச் சேர்த்து, அரை மணி நேரம் பல வேகங்களில் ஓட்டிவிட்டு, இரவு முழுவதும் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். கிண்ணத்தில் தங்கியுள்ள கலவை ஜெட்டை ஊறவைக்கும். மறுநாள் தொடர்ந்து அந்த டேங்க் தீரும்வரை ஓட்டினால், ஓரளவு அடைப்பு இருந்த ஜெட்டுகளில் மாற்றம் தெரியும். முழுவதும் அடைத்துக்கொண்ட ஜெட்டில் தெரியாது. கிளீனர் பெட்ரோலோடு போகும் திரவம். பெட்ரோல் போக முடியாத துளைக்குள் அதுவும் போகாது. அப்போது ஜெட்டைக் கழற்றி, கார்பரேட்டர் ஸ்ப்ரே அடித்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதே வழி. கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்தினால் துளையின் அளவு மாறி, அதற்குப் பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது. ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் ஓ-ரிங், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி, டயாபிரம் உள்ள வகையென்றால் அந்த ரப்பர் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஸ்ப்ரே பட்ட டயாபிரம் உப்பிப்போய் மூடியில் உட்காராது.

கிளீனருக்கும் ஜெட் சுத்தத்திற்கும் பிறகும் இதே குறை நீடித்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். கார்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் வெடிப்பு இருந்தால் கூடுதல் காற்று புகுந்து இதே அறிகுறியைத் தரும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும் அதற்குத் துணைச் சான்று. வால்வு டாப்பெட் இடைவெளி இறுகிப்போயிருந்தாலும் ஸ்டார்டிங் சிரமமாகும். மூன்றாவது காரணம் பெட்ரோலே. இ20 பெட்ரோலில் எத்தனால் ஐந்தில் ஒரு பங்கு. எத்தனால் கலவாத பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20க்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய கார்பரேட்டர் இந்த வேறுபாட்டை அறியாமல் அதே விகிதத்தில் கலப்பதால் கலவை மெலிந்துவிடுகிறது. இதற்கு மிக்ஸர் ஸ்க்ரூவைச் சிறிது திருத்த வேண்டும்: ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்புவது பெட்ரோலைக் கூட்டும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்புவது காற்றைக் கூட்டும். இதை மாற்றிச் செய்து, கிளீனர் ஊற்றியும் பயனில்லை என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு.

அறிகுறி: பல மாதம் நிறுத்திவைத்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

இங்கே கிளீனரோடு தொடங்கக் கூடாது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ரிசர்வ் குழாய் எடுப்பது அந்த அடிப்பகுதியிலிருந்துதான். பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்து, டேப்பின் வலையையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோலில் ஓட விட்ட பிறகே, மிச்சமிருக்கும் பிசினுக்காகக் கிளீனர் ஊற்ற வேண்டும். தண்ணீரை நீக்கும் என்று விற்கப்படும் திரவங்கள் பெரும்பாலும் ஆல்கஹால் வகை; இ20 டேங்கில் ஏற்கெனவே ஆல்கஹால் நிறைய இருக்கிறது. தனியாகப் பிரிந்து நிற்கும் தண்ணீருக்கு வடிப்பதைத் தவிர வேறு மருந்தில்லை. மழைவெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் கிக்கரையே தொடாமல், பிளக்கைக் கழற்றி, ஆயிலையும் பெட்ரோலையும் வடித்த பின்தான் மற்ற எல்லாம்.

அறிகுறி: கிளீனர் ஊற்றிய பிறகு வேகத்தில் இழுவை குறைகிறது, மிஸ்ஸிங் வருகிறது

பெரும்பாலும் இது கிளீனர் வேலை செய்ததன் விளைவு. ஆண்டுக்கணக்கில் டேங்கின் சுவரில் ஒட்டியிருந்த படலம் ஒரே நேரத்தில் கழன்று வந்து, டேப்பின் வலையையோ வெளி ஃபில்டரையோ அடைத்துவிடுகிறது. பெட்ரோல் குழாயைக் கார்பரேட்டர் முனையில் கழற்றி ஒரு போத்தலில் விட்டுப் பார்த்தால், சீரான தாரையாக வர வேண்டும். சொட்டு சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து மறுபடியும் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் தாரை சீராகிவிட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அப்படியும் சொட்டினால் வலை அடைத்திருக்கிறது. ஃபில்டரை மாற்றி, வலையைக் கழுவினால் தீரும். பழைய வண்டியில் கிளீனரை முதன்முறை ஊற்றும்போதே புது ஃபில்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது

ஃப்ளோட் ஊசியின் நுனியில் துகள் சிக்கியிருக்கலாம், அல்லது நுனி ரப்பர் எத்தனாலில் உப்பியோ தேய்ந்தோ இருக்கலாம். கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டும்போது நின்றால் துகள்; நிற்காவிட்டால் ஊசியை மாற்ற வேண்டும். கிளீனருக்கு இதில் இடமில்லை. ஆனால் ஆயில் குச்சியை உடனே எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். வழிந்த பெட்ரோல் என்ஜினுக்குள்ளும் இறங்கியிருந்தால் ஆயில் அளவு கூடி, பெட்ரோல் வாசனை அடிக்கும். அந்த நீர்த்த ஆயிலோடு கடைவரை கூட ஓட்டக் கூடாது.

அறிகுறி: ஏற்றத்தில் கிணுகிணுவென்ற சத்தம், சாவியை அணைத்த பிறகும் என்ஜின் ஓரிரு சுற்று ஓடுகிறது

பிஸ்டன் தலையில் ஏறிய கார்பன் சூடேறித் தானே தீக்கங்காக நின்று, ஸ்பார்க் இல்லாமலே கலவையைப் பற்றவைக்கும்போது இவை இரண்டும் வரும். பாலிஈதர்அமைன் உள்ள கிளீனருக்குச் சரியான வேலை இதுதான். ஒரு டேங்கில் பாதி மாற்றம் தெரிந்தால் அடுத்த டேங்கிலும் ஒருமுறை ஊற்றலாம். அதற்குமேல் தொடர்ந்து ஊற்றுவதால் பயனில்லை. ஆனால் கார்பன் எப்படி வந்தது என்று கேட்காமல் விட்டால் சில மாதங்களில் மீண்டும் வரும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும்: உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல்; ஈரமான, பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. வெளுத்துக் கருகிய பிளக் என்றால் கலவை மெலிந்து சூடேறுகிறது, அந்தக் கிணுகிணுப்பு கார்பனால் வந்ததல்ல.

அறிகுறி: புகை

கறுப்புப் புகைக்குச் சோக் முழுவதும் திரும்பாததோ, அடைத்த ஏர் ஃபில்டரோ, உயர்ந்த ஃப்ளோட் மட்டமோ காரணம். நீலப்புகை ஆயில் எரிவது. இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கி மீண்டும் திறக்கும்போதும் மட்டும் ஒரு வீச்சு வந்தால் வால்வு சீல்; ஏறும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ தேய்ந்திருக்கிறது. ரிங் தேயாமல், கார்பன் பிடித்து அதன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில வண்டிகளில் மட்டும் கிளீனர் அதை விடுவிக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் இதற்கு வாய்ப்புண்டு. 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இதை எதிர்பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டாம். புகையை நிறுத்தும் என்று விற்கப்படும் கெட்டியான ஆயில் திரவங்கள் புகையைச் சில வாரங்களுக்கு மறைக்குமே தவிர வேறொன்றும் செய்வதில்லை.

அறிகுறி: ஆயில் தார்போல் வருகிறது, தலைப்பகுதியில் தட்டும் சத்தம் கேட்கிறது

என்ஜின் ஃப்ளஷ் ஊற்றலாமா என்ற கேள்வி எழும் இடம் இது. நிதானம் மிகவும் வேண்டிய இடமும் இதுவே. கறுத்த ஆயில் மட்டும் கெட்ட ஆயில் ஆகாது; அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. விரலில் தேய்த்துப் பார்க்கும்போது நெறுநெறுப்பதும், மூடியின் உட்புறத்தில் கரண்டியால் வழிக்கும் அளவுக்குச் சேறு படிந்திருப்பதும்தான் கவலைக்குரியவை.

பழைய ஸ்ப்ளெண்டரில் கார்களைப்போலக் காகித ஃபில்டர் கிடையாது. கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம் துகள்களைச் சுழற்சி விசையால் சுவரில் ஒட்டவைக்கிறது. ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் ஒரு கம்பி வலை இருக்கிறது. பல ஆண்டுகள் திறக்காத வண்டியில் வலப்பக்க மூடியைக் கழற்றினால் அந்தக் கிண்ணத்தின் உட்புறம் கறுப்புக் களிமண்ணைப் பூசியதுபோல் இருக்கும். ஃப்ளஷ் இந்தச் சேற்றைக் கரைத்து நீராக்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் ஒரு பகுதி கரையும், மற்றொரு பகுதி செதில் செதிலாகப் பெயர்ந்து வலையில் போய் ஒட்டும். வலை அடைத்தால் பம்புக்கு ஆயில் குறையும். முதலில் காய்வது மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டும் ராக்கரும். சத்தத்தைக் குறைக்க ஊற்றிய ஃப்ளஷ் அந்தச் சத்தத்தையே நிரந்தரமாக்குவது இப்படித்தான்.

எனவே இந்த வகை என்ஜினில் நான் சொல்லும் வழி வேறு. டாப்பெட் இடைவெளியை முதலில் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் தட்டும் சத்தத்தில் பெரும்பகுதி அதனால் வருவது. பிறகு வலப்பக்க மூடியைத் திறந்து கிண்ணத்தையும் வலையையும் கையால் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு மூட வேண்டும். கையேடு சொல்லும் தரத்தில் நல்ல ஆயிலை ஊற்றி, ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் அதை மாற்றி, இன்னொருமுறை அதே இடைவெளியில் மாற்றினால், புது ஆயிலில் ஏற்கெனவே உள்ள சுத்திகரிப்புப் பொருள்களே மிச்சத்தை மெல்ல எடுத்துவிடும். ஸ்ப்ளெண்டருக்குத் தேவை 900 மில்லிதான். இரண்டு கூடுதல் ஆயில் மாற்றங்களின் செலவு ஒரு கேம் ஷாஃப்ட் வேலைக்கு முன் பெரிதல்ல.

அப்படியும் ஃப்ளஷ் ஊற்றியே தீர வேண்டுமென்றால், மோட்டார் சைக்கிளுக்கென்று குறிப்பிட்டதை, சொன்ன அளவில், பழைய ஆயிலில் சேர்த்து, போத்தலில் சொன்ன நிமிடங்கள் மட்டும் ஐடிலிங்கில் விட வேண்டும். ரேஸ் செய்யக் கூடாது, ஓட்டவும் கூடாது. சூடு ஆறும் முன்பே வடித்து, அதன் பிறகு வலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டறைகளில் இன்னும் நடக்கிற, டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி ஸ்டார்ட் செய்து கழுவும் பழக்கத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். அவை உலோகங்களுக்கிடையே ஆயில் படலத்தைத் தாங்கும் திரவங்கள் அல்ல. முழுவதும் வடியாமல் தங்கி, அடுத்து ஊற்றும் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

அறிகுறி: ஆயிலில் ஏதோ சேர்த்த பிறகு கிளட்ச் வழுக்குகிறது

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே ஊறியிருப்பவை. உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம், டெஃப்லான் வகைத் திரவங்கள் கார் என்ஜினில் எப்படியிருந்தாலும், இங்கே தட்டுகளின் பிடிப்பைத்தான் முதலில் குறைக்கின்றன. ஆக்ஸிலரேட்டர் திருகும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால், கேபிளில் தேவையான தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆயிலை வடித்து, ஜாஸோ என்ற ஜப்பானியத் தரத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று குறிக்கப்பட்ட ஆயிலை ஊற்ற வேண்டும். எம்பி என்பது ஆயிலில் ஊறாத கிளட்ச் உள்ள கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கானது. ஒருமுறை மாற்றியதில் சரியாகாவிட்டால் இரண்டாம் மாற்றத்தில் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். அதற்குள் வழுக்கி வழுக்கிக் கருகிவிட்ட தட்டுகளை மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: மைலேஜ் குறைந்தது

கிளீனர்கள் மிகுதியாக விற்பது இந்த ஒரு புகாரின் பேரில்தான்; பலன் மிகக் குறைவாகத் தெரிவதும் இதில்தான். லிட்டர் கணக்கில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20யில் 6, 7 சதவீத ஆற்றல் குறைகிறது. முன்பு 60 கிலோமீட்டர் தந்த வண்டி 56 தருவதற்கு எந்தப் பழுதும் தேவையில்லை. அந்த இடைவெளியை எந்தத் திரவமும் நிரப்பாது. பாச்சை உருண்டையை டேங்கில் போட்டால் மைலேஜ் கூடும் என்ற பழைய யோசனையும் இன்னும் உலவுகிறது. கரைந்த நாப்தலீன் பெட்ரோல் ஆவியாகும் இடங்களில் மீண்டும் படிகமாகி, மேலே சொன்ன அதே பைலட் ஜெட்டை அடைக்கும்.

இதைவிடப் பெரிய குறைவு இருந்தால், டேங்கை விளிம்புவரை நிரப்பி ஓட்டி, மீண்டும் விளிம்புவரை நிரப்பிக் கணக்கிட்டு உறுதி செய்துகொண்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்குள் நின்றுவிட்டால் பிரேக் ஷூ உரசுகிறது அல்லது செயின் இறுகியிருக்கிறது. அவற்றைத் தளர்த்தி, டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகும் குறை இருந்தால் மட்டும் ஒரு டேங்குக்குக் கிளீனர் ஊற்றி, மறுபடியும் அதே முறையில் அளந்து பாருங்கள்.